ஹைலியில் நிற்கும் நீல என்ஜின்: செவர்ன் பள்ளத்தாக்கு ரயிலில் ஒரு நாள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் லாங்மூர் என்ற படைமுகாமுக்குள் 1969 அக்டோபர் 31 வரை ஓடிய இராணுவ ரயிலைப் பற்றி அறிய விரும்பும் நண்பர்களிடம், லாங்மூருக்குப் போங்கள் என்று நான் சொல்வதில்லை. அங்கே இன்று தண்டவாளம் இல்லை. முகாம் இன்னும் படையின் கையில்தான் இருக்கிறது. பழைய பாதையின் ஒரு சிறு பகுதி மட்டும் லிஸ் என்ற ஊரின் அருகே ஆற்றோர நடைபாதையாக மாறிப் பொதுமக்களுக்குக் கிடைத்திருக்கிறது. மரங்களுக்கு நடுவே நேராகச் செல்லும் அந்த நடைபாதை அழகானது, ஆனால் அங்கே நடப்பவருக்கு ஒரு ரயிலின் நினைவைத் தருவதற்கு அதனிடம் அதிகம் இல்லை. லாங்மூரின் உயிர் எங்கே தங்கியிருக்கிறது என்று கேட்டால், அங்கிருந்து நூறு மைலுக்கும் அப்பால், ஷ்ராப்ஷயரில் செவர்ன் ஆற்றின் கரையில் உள்ள ஹைலி என்ற சிறு நிலையத்தைத்தான் நான் காட்டுவேன். பழைய நீராவி ரயில்களை ஓட்டும் செவர்ன் பள்ளத்தாக்கு ரயில்வேயின் காட்சிக்கூடமான 'என்ஜின் ஹவுஸ்' அங்கே இருக்கிறது. அதற்குள் நீல நிறத்தில், சிவப்புக் கோடுகளுடன், லாங்மூரின் 600ஆம் எண் என்ஜினான 'கார்டன்' நிற்கிறது. சென்ற ஆண்டு என் மகனுடன் ஒரு முழு நாளை அந்த ரயிலிலும் அந்தக் கூடத்திலும் செலவிட்டேன். அந்த நாளைப் பற்றிய மதிப்பீடு இது.

என்ஜினைப் பார்ப்பதற்கு முன், அது எப்படிப்பட்ட ரயில்பாதைக்கு உரியது என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. தெரியாமல் போகிறவருக்கு கார்டன் ஒரு பெரிய நீல என்ஜின் மட்டுமே. லாங்மூர் பாதை சரக்கு ஏற்றிச் சம்பாதிப்பதற்காகவோ ஊர்களை இணைப்பதற்காகவோ போடப்பட்டது அன்று. சூடான் போரிலும் தென்னாப்பிரிக்கப் போரிலும், படையை நகர்த்துவதற்கு ரயில் எவ்வளவு இன்றியமையாதது என்பதை பிரிட்டிஷ் இராணுவம் அனுபவத்தில் கற்றது. 1897இல் வாடி ஹால்ஃபாவிலிருந்து பாலைவனத்தைக் கடந்து அபு ஹமீது வரை தளபதி கிச்சனரின் படைக்காகப் பாதை போட்டவர்கள் இராணுவப் பொறியாளர்களே. அந்தத் திறமையைச் சமாதான காலத்திலும் கைவிடாமல் காப்பாற்ற ஒரு பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. 1903 முதல் லாங்மூரில் உருவானது அந்தப் பள்ளிக்கூடம். முதலில் 18 அங்குல அகலத்தில் சிறு பாதை ஒன்று போடப்பட்டது. லாங்மூரின் ஈரமான நிலத்தில் கட்டப்பட்டிருந்த 68 பெரிய குடில்களை முழுதாகவே பெயர்த்து, சிறு பாதையின் மேல் ஏற்றி, சில மைல் தொலைவிலுள்ள போர்டனுக்கு இழுத்துச் சென்றார்கள் என்பது அந்தப் பாதையின் தொடக்க காலச் செய்தி. பிறகு சில ஆண்டுகளுக்குள் அது வழக்கமான அகலப் பாதையாக மாற்றப்பட்டது. 1933இல் லிஸ் வரை நீண்டது. 1935இல் லாங்மூர் இராணுவ ரயில்வே என்ற பெயரைப் பெற்றது. 1942இல் ஹாலிவாட்டர் வளையம் திறக்கப்பட்டபோது, ஒரு ரயில் திரும்பி நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் சுற்றிச் சுற்றி ஓட முடிந்தது. பயிற்சிக்கு அதைவிட வசதியான அமைப்பு வேறில்லை. ஊர் போய்ச் சேர வேண்டியதில்லை, ஓடிக்கொண்டே இருந்தால் போதும்.

கார்டன் பிறந்ததும் அந்தப் போர்க்காலத்தில்தான். 1943இல் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் அதைக் கட்டியது. இராணுவப் பொறியாளராக இருந்து 1885இல் கார்ட்டூமில் இறந்த ஜெனரல் கார்டனின் பெயர் அதற்குப் பின்னர் சூட்டப்பட்டது. வடிவமைத்தவர் ஆர். ஏ. ரிடில்ஸ். ஐரோப்பாவுக்குள் படை இறங்கும்போது, குண்டுகளால் சிதைந்த பாதைகளிலும் மெலிந்த தண்டவாளங்களிலும் கனமான சரக்கு வண்டிகளை இழுக்க வேண்டும். அதே நேரத்தில் என்ஜினை விரைவாகவும் குறைந்த உலோகச் செலவிலும் கட்டி முடிக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் அவர் தந்த விடைதான் 'ஆஸ்டெரிட்டி' (சிக்கனம்) வகை. வார்ப்பு எஃகும் அடித்துருவாக்கிய பாகங்களும் வேண்டிய இடங்களில், முடிந்தவரை எளிய பாகங்களையும் பற்றவைத்த இரும்பையும் பயன்படுத்தினார். முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், பிறகு பத்து இயங்கு சக்கரங்கள், பின்னால் எதுவும் இல்லை: அதனால் 2-10-0 என்று பெயர். 78 டன் எடையுள்ள அந்த என்ஜினின் பாரம் பல அச்சுகளுக்குப் பகிரப்படுவதால், எந்த ஓர் அச்சின் மேலும் சுமார் 13.5 டன்னுக்கு மேல் அழுத்தம் விழுவதில்லை. பத்துச் சக்கரங்களும் ஒரே சட்டத்தில் விறைப்பாக இருந்தால் வளைவுகளில் சிக்கிக்கொள்ளும் என்பதால், நடுச் சக்கர இணைக்கு மட்டும் விளிம்பு வைக்கவில்லை. கூடத்தில் தரைமட்டத்தில் நின்று குனிந்து பார்த்தால் அந்த வழுவழுப்பான நடுச் சக்கரம் தெளிவாகத் தெரியும். என் மகன்தான் அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னான். இதை விடவே கூடாது என்று போகிறவர் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இந்த என்ஜின் எதற்காகப் படைக்கப்பட்டது என்பதை அந்த ஒரு சக்கரமே சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு சிறு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளரிடம் 'லாங்மூரில் கார்டன்' என்ற குறிப்புடன் ஒரு பழைய புகைப்படத்தை வாங்கினேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகுதான் சக்கரங்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் நான்கு பெரிய சக்கரங்களே இருந்தன. அது கார்டனின் சிறிய உறவான 2-8-0 வகை. ரிடில்ஸின் எட்டுச் சக்கர வகையில் 935 என்ஜின்கள் கட்டப்பட்டன. பத்துச் சக்கர வகையில் 150 மட்டுமே. ஆகவே பழைய படங்களில் எட்டுச் சக்கரமே அதிகம் கிடைக்கும். லாங்மூர் நினைவுப்பொருள்களை வாங்குகிறவர்கள் முதலில் சக்கரத்தை எண்ணுங்கள். பிறகு நெருப்புப்பெட்டியைப் பாருங்கள். பத்துச் சக்கர வகையின் நெருப்புப்பெட்டி அகலமானது. அதில் கரி எரியும் தட்டின் பரப்பு 40 சதுர அடி. எட்டுச் சக்கர வகையில் அது 30 சதுர அடியைக்கூட எட்டாது. ஹைலியில் கார்டனின் பின்புறமாக நடந்து சென்றால் அந்த அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிடலாம்.

இனி பயணத்துக்கு வருகிறேன். ஹைலிக்கு நேராகக் காரில் போவதைவிட, கிடர்மின்ஸ்டரில் ஏறி நீராவி ரயிலில் போய் இறங்குவதுதான் சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன். பர்மிங்ஹாமிலிருந்து வரும் வழக்கமான ரயிலிலிருந்து இறங்கினால், பாரம்பரிய ரயிலின் கிடர்மின்ஸ்டர் டவுன் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அது 1984இல் திறக்கப்பட்ட புதுக் கட்டடம். பழைய கிரேட் வெஸ்டர்ன் பாணியில் அவ்வளவு கவனமாகக் கட்டியிருப்பதால், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பாதை மொத்தம் 16 மைல். பியூட்லி, ஆர்லி, ஹைலி, ஹாம்ப்டன் லோட் வழியாக பிரிட்ஜ்நார்த் வரை போகிறது. 1862இல் திறக்கப்பட்டு, 1963இல் நெடுந்தூரப் பயணிகள் சேவையை இழந்த ஒரு கிளைப்பாதையை 1965இல் கூடிய ஆர்வலர்கள் மீட்டெடுத்து, 1970இல் மீண்டும் ஓட்டத் தொடங்கினார்கள். இன்றும் தன்னார்வலர்களின் உழைப்பிலேயே அது பெரும்பாலும் நடக்கிறது. டிக்கெட் பரிசோதிப்பவரும், கைகாட்டி இழுப்பவரும், பிளாட்பாரத்தில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுபவரும் அந்தப் பாதையின் மேல் உள்ள பற்றினால் வருகிறார்கள். நான் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன பதில்களில் அந்தப் பற்று வெளிப்படையாகத் தெரிந்தது. ஒரு கேள்விக்கு ஒரு பதிலோடு எவரும் நிறுத்தவில்லை.

நாங்கள் ஏறிய வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. புறப்படும்போது முதல் சில புகைவீச்சுகள் கனமாகவும் நிதானமாகவும் வந்தன. பிறகு நெருங்கி, ஒரே தாளமாயின. பியூட்லியைத் தாண்டியதும் செவர்ன் ஆறு பக்கத்தில் வந்து சேர்கிறது. ஆர்லிக்கு முன் வண்டி ஆற்றைக் கடக்கும் இடத்தில் எல்லோரும் எழுந்து நின்றோம். ஜான் ஃபௌலர் வடிவமைத்து 1861இல் முடிக்கப்பட்ட விக்டோரியா பாலம் அது. 200 அடி அகலத்தை ஒரே வார்ப்பிரும்பு வளைவில் தாண்டுகிறது. பிறகு ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தை வடிவமைத்த இருவரில் ஒருவராகப் புகழ்பெற்றவர் இதே ஃபௌலர். பாலத்தைப் பார்க்க விரும்புகிறவர் ஆர்லியில் இறங்கி ஆற்றங்கரையில் நடந்து சென்று கீழிருந்து பார்ப்பது மேல். வண்டிக்குள்ளிருந்து பார்த்தால் ஆறு மட்டுமே தெரியும்.

ஆனால் லாங்மூரை நினைத்துக்கொண்டு போகிறவருக்கு இந்தப் பயணத்தின் முக்கியமான பகுதி பாலம் அன்று. ஒற்றைப் பாதையில் வண்டிகளை நடத்தும் முறை. ஒரு பகுதிக்கு உரிய டோக்கனை, அதாவது அனுமதி அடையாளத்தை, டிரைவர் கையில் வாங்காமல் வண்டி அந்தப் பகுதிக்குள் நுழையாது. நிலையத்தில் ஃபயர்மேன் ஒரு டோக்கனைக் கொடுத்து, அடுத்த பகுதிக்குரியதை வாங்கிக்கொள்ளும் அந்த நொடியை ஜன்னலில் தலையை அதிகம் நீட்டாமலேயே பார்க்கலாம். லாங்மூரில் இளம் வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் இதுவும் ஒன்று. ஒரு படை அந்நிய நாட்டில் இறங்கினால் அங்கே எந்த வகைக் கருவி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் அங்கே கைகாட்டி, டோக்கன், தொலைபேசி என்று எல்லா முறைகளிலும் பழக்கினார்கள். கிடர்மின்ஸ்டர் நிலையத்தை ஒட்டியே ஒரு ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கைகாட்டிக் கருவிகள் நிறைய உண்டு. திரும்பி வரும்போது அரை மணி நேரமாவது அங்கே ஒதுக்குங்கள்.

ஹைலியில் இறங்கியதும் மேட்டின் மேல் என்ஜின் ஹவுஸ் தெரிகிறது. சுரங்கக் கிராமமாக இருந்த ஊர் இது. எதிர்க்கரையில் இருந்த ஆல்வெலி நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டதும் 1969இல்தான். லாங்மூர் பாதைக்கும் அதுவே இறுதி ஆண்டு. இன்று சுரங்கம் இருந்த இடம் பச்சைப் பூங்காவாகிவிட்டது. 2008இல் திறக்கப்பட்ட என்ஜின் ஹவுஸ், ஓடும் காலம் முடிந்து பழுதுபார்ப்புக்குக் காத்திருக்கும் என்ஜின்களைக் கூரைக்குக் கீழ் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காகக் கட்டப்பட்டது. பொதுவாகப் பாரம்பரிய ரயில்களில் இப்படிப்பட்ட என்ஜின்கள் மழையில் துருப்பிடித்து, வேலிக்குப் பின்னால் நிற்கும். இங்கே அவற்றை நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்கலாம். மேல்தளத்துக்கு ஏறினால் பாய்லரின் முதுகை மேலிருந்து பார்க்கலாம். கீழிருந்து பார்க்கும்போது சக்கரமும் இணைப்புத் தண்டும்தான் கண்ணை நிறைக்கின்றன; மேலிருந்து பார்க்கும்போதுதான் அந்த நீண்ட, அலங்காரமில்லாத பாய்லரின் எளிமை புரிகிறது. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டப்பட்ட பொருள், லாங்மூரின் நீலமும் சிவப்புக் கோடும் பூண்டு, ஒரு படைப்பிரிவின் பெருமையாக நிற்கிறது. இந்த முரணே கார்டனை மற்ற என்ஜின்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

மேல்மாடி உணவகத்தின் வெளித்தளத்தில் அமர்ந்து தேநீர் அருந்தியபோது, பக்கத்து மேசையில் ஒரு முதியவர் தம் பேரப்பிள்ளைகளுடன் இருந்தார். என் மகன் கார்டனைப் பற்றி உரக்கக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தவர், தாமாகவே பேச்சுக் கொடுத்தார். கட்டாயப் படைச்சேவைக் காலத்தில், 1950களின் நடுவில், தாம் லாங்மூரில் இருந்ததாகச் சொன்னார். கரி வாரிப் போடுவதற்கு முதலில் என்ஜினில் ஏற்றவில்லையாம். தரையில் ஒரு பெட்டியை வைத்து, அதன் எந்த மூலையைச் சொன்னாலும் அந்த மூலையில் கரி விழும் வரை பழக்கினார்களாம். கார்டனின் 40 சதுர அடித் தட்டில் பின் மூலைகள் இரண்டும் கண்ணில் படாதவை. அங்கே கை தானாகப் போக வேண்டும் என்று சொல்லி, அந்த வயதிலும் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். காலையில் போட்ட தண்டவாளத்தை மாலையில் பிடுங்கியதையும், ஒரு வேகனை வேண்டுமென்றே தடம்புரள வைத்து ஜாக்கி வைத்துத் தூக்கி மீண்டும் ஏற்றியதையும், அடுத்த நாள் அதே வேகனை அடுத்த குழுவுக்காக மறுபடியும் தடம்புரள வைத்ததையும் அவர் சொன்னபோது பேரப்பிள்ளைகள் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் விடுமுறைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு லிஸ் நிலையத்துக்குப் போகும் வண்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் மாறியது. அந்த வண்டியில்தான் பாதை தங்களை உண்மையாகவே எங்கேயோ கொண்டு சேர்த்தது என்றார். மற்ற நாள்களில் எல்லாம் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்கள்.

அவர் பேச்சைக் கேட்ட பிறகு கூடத்துக்குள் மீண்டும் போய் கார்டனைப் பார்த்தேன். முதல் முறை நான் பார்த்தது ஒரு பொறியியல் பொருள். இரண்டாம் முறை பார்த்தது, ஏராளமான இளைஞர்கள் தவறு செய்து, திட்டு வாங்கி, திருந்திய ஒரு வகுப்பறை. காட்சிக்கூடத்தின் விளக்கப் பலகைகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த மாற்றத்தை அவற்றால் செய்ய முடியாது. லாங்மூரில் பணியாற்றியவர்களில் பலர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்களுடைய நினைவுகளை அவர்களின் குரலிலேயே பதிவு செய்து கார்டனின் அருகில் கேட்கும்படி வைத்தால், இந்தக் கூடத்தின் மதிப்பு பல மடங்காகும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். அதற்கு இன்னும் நீண்ட காலம் இல்லை.

கார்டன் 1971இல் செவர்ன் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது. லாங்மூரிலேயே ஒரு பாரம்பரிய ரயிலை அமைக்க அன்று முயற்சி நடந்தது என்பதை இங்கே வருகிறவர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் தாம் வாங்கிய இரண்டு என்ஜின்களையும் அங்கேதான் வைத்திருந்தார். அவற்றில் ஒன்றான 'பிளாக் பிரின்ஸ்', இதே ரிடில்ஸ் பின்னர் வடிவமைத்த 9எஃப் வகையைச் சேர்ந்தது. கார்டனில் சோதித்த பத்துச் சக்கர எண்ணம்தான் 251 என்ஜின்களாக விரிந்த அந்த வகையில் முழுமை பெற்றது. மூத்ததும் இளையதும் ஒரே முகாமில் அருகருகே இருந்த காலம் அது. உள்ளூர் எதிர்ப்பினால் திட்டம் கைகூடாமல் போக, என்ஜின்கள் திசைக்கு ஒன்றாகப் பிரிந்தன. அந்த முயற்சி வென்றிருந்தால் கார்டன் தன் சொந்த வளையத்தில் ஓடியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஹைலி அதற்குக் கிடைத்த நல்ல புகலிடம். 1999 வரை அது இந்தப் பள்ளத்தாக்கில் பயணிகளை இழுத்தது. பாய்லரின் அனுமதிக் காலம் முடிந்த பிறகே ஓய்வுக்கு வந்தது.

கார்டனைப் பார்த்து மனம் நிறையாதவர்கள் அதன் உறவுகளைத் தேடிப் போகலாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில்வே அருங்காட்சியகத்தில், 1944இல் நார்மண்டியில் நடந்த படையிறக்கத்துக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ஆயிரமாவது சரக்கு என்ஜின் நிற்கிறது. அதன் பெயரே 'லாங்மூர்'. கிரேக்க நாட்டிலிருந்து திரும்பி வந்த இரண்டு பத்துச் சக்கர ஆஸ்டெரிட்டிகள் வடக்கு நார்ஃபோக் ரயிலிலும் வடக்கு யார்க்ஷயர் மூர்ஸ் ரயிலிலும் உள்ளன. டென்டர்டனில் உள்ள கர்னல் ஸ்டீபன்ஸ் அருங்காட்சியகத்தில் 'கசெல்' என்ற, 1893இல் கிங்ஸ் லின்னில் கட்டப்பட்ட மிகச் சிறிய என்ஜின் இருக்கிறது. லாங்மூர் முகாமில் பல ஆண்டுகள் மேடையில் காட்சிக்கு நின்றது அதுதான். முகாமின் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் ஒரே விடுமுறையில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ரயில் ஆண்டு முழுவதும் எல்லா நாளும் ஓடுவதில்லை. கால அட்டவணையையும் என்ஜின் ஹவுஸ் திறந்திருக்கும் நாளையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். காலையில் முதல் வண்டியைப் பிடித்து ஹைலியிலேயே இறங்கிவிடுங்கள். பிரிட்ஜ்நார்த்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையிலுள்ள நேரத்தில் கூடத்தை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். குளிர்காலத்தில் கூடத்துக்குள்ளும் இரும்பின் குளிர் இருக்கும், கனமான மேலாடை எடுத்துச் செல்லுங்கள். பிரிட்ஜ்நார்த்தில் இறங்குகிறவர்கள் 1892இல் திறக்கப்பட்ட மலைச்சரிவுக் கயிற்று ரயிலையும் பார்க்கலாம். நிலைய உணவகங்களில் சைவ உணவு கிடைத்தது, ஆனால் வகை அதிகமில்லை. குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது.

மாலையில் ஹைலி பிளாட்பாரத்தில் கிடர்மின்ஸ்டர் வண்டிக்குக் காத்திருந்தோம். அந்த முதியவரும் அங்கே இருந்தார். வண்டி வரும்முன் கைகாட்டி இறங்கிய சத்தத்தைக் கேட்டதும், பேரப்பிள்ளைகள் பாதையைப் பார்க்க, அவர் மட்டும் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி எங்கள் முன் வந்து நின்றபோது சரியான நேரம் என்று தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.